கவிதையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது: புதியவர்களுக்கான வழிகாட்டி

எதுகை, மோனை, உவமை, உருவகம், தளை, தொடை என்று பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். தேர்வு முடிந்ததும் மறந்தும் இருப்போம். மறந்ததில் தப்பில்லை. கவிதை ஒரு பக்கமும் சொற்களின் பட்டியல் இன்னொரு பக்கமுமாகக் கொடுத்தால் இரண்டுமே மனதில் நிற்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. இலக்கணப் புத்தகங்கள் எழுத்து, அசை, சீர், தளை என்று கீழிருந்து மேலே போகும். இலக்கணம் எழுதுபவருக்கு அது சரியான வரிசைதான். கவிதை படிக்க உட்காருபவருக்கு அது தலைகீழ் வரிசை. தளையில் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் தளையோடு நின்றுவிடுகிறார்கள்.

அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். ஒரு கவிதையைக் கையில் எடுத்துக்கொள்வோம். அதற்குள் போகப் போக எந்தச் சொல் தேவைப்படுகிறதோ அதை மட்டும் அப்போது தெரிந்துகொள்வோம். எடுத்துக்கொள்ளும் கவிதை குறுந்தொகையின் 25ஆம் பாட்டு. பாடியவர் கபிலர். ஐந்தே அடிகள்:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

பொருள் முழுதாகப் புரியாவிட்டால் பரவாயில்லை. உரையைத் தேடி ஓடவும் வேண்டாம், இன்னும் சற்று நேரத்தில் நாமே அங்கே வந்துவிடுவோம்.

முதல் படி: வாய்விட்டுப் படியுங்கள், பிறகு சொற்களைப் பிரியுங்கள்

மனதுக்குள் படித்தால் பழைய கவிதை பாதிதான் கிடைக்கும். குரல் கொடுத்து இரண்டு மூன்று தடவை படியுங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறது என்று கவனியுங்கள். மேலே உள்ள பாட்டில் பெரும்பாலும் கடைசி அடியில் தடுக்கும். ‘உண்டுதான் மணந்த’ என்று படித்தால் ஏதோ ‘உண்டுதான்’ என்று அழுத்திச் சொல்வதுபோல் இருக்கிறது. ஆனால் அது ‘குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே’. அதாவது அவன் என்னைச் சேர்ந்த அன்று ஒரு குருகும் அங்கே இருந்தது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் சீர் பிரிப்பு. சீர் என்பது ஓசையின் அலகு, சொல்லின் அலகு அல்ல. அச்சில் நாம் பார்க்கும் இடைவெளி பல இடங்களில் ஓசைக்காக விடப்பட்டது. ‘அறிவுடையார் ஆவ தறிவார்’ என்று குறளில் பார்த்ததும் ‘தறிவார்’ என்றால் என்ன என்று அகராதியைப் புரட்டுபவர்கள் உண்டு. ‘ஆவது அறிவார்’ என்று சேர்த்துப் பிரித்தால் விஷயம் முடிந்தது. பழம்பாட்டு கடினம் என்று நினைப்பதில் கணிசமான பங்கு இந்த இடைவெளிச் சிக்கல்தான். அதனால் ஒரு தாளில் சீர் பிரித்த வடிவத்தையும் அதற்குக் கீழே சொல் பிரித்த வடிவத்தையும் எழுதிவிடுங்கள். இப்படி:

யாரும் இல்லை, தானே கள்வன். தான் அது பொய்ப்பின் யான் எவன் செய்கு? தினைத் தாள் அன்ன சிறு பசுங்கால, ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு, தான் மணந்த ஞான்று.

இப்போது பாதிக் கவிதை திறந்துவிட்டது. அருஞ்சொற்கள் மூன்று நான்குதான் மிச்சம். தாள் என்றால் இங்கே தண்டு, ஆரல் என்பது ஒரு வகை மீன், குருகு கொக்கு நாரை வகைப் பறவை, ஞான்று என்றால் நாள், அப்பொழுது. ‘எவன்’ என்றால் ‘என்ன’. யார் அவன் என்று தேட வேண்டாம்!

இரண்டாம் படி: பேசுவது யார்?

என்னைக் கேட்டால், கவிதை வாசிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. யார் பேசுகிறார்கள், யாரிடம், எந்தச் சூழலில்? பேசுகிறவர் சொல்லும் பேச்சைப் பழந்தமிழில் கூற்று என்பார்கள். தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று போகும்.

மேலே உள்ள பாட்டு தலைவி கூற்று. கேட்பவள் தோழி. தலைவன் திருமணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறான். இந்தச் சூழ்நிலையைக் குறிக்கும் சொல் துறை. பாட்டோடு சேர்ந்து அச்சாகும் சிறு குறிப்பில் ‘வரைவு நீட்டித்த இடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது’ என்று இருக்கும். வரைவு என்றால் திருமணம். புதியவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். அந்த ஒரு வரி இல்லாமல் பாட்டைப் படித்தால் யாரோ யாரையோ திருடன் என்று திட்டுவதாகத்தான் தோன்றும். உ.வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு போன்ற உரைப் பதிப்புகளில் கூற்றுக் குறிப்பு, பதவுரை, விளக்கம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எழுதியவர் கபிலர், ஓர் ஆண். பேசுகிற ‘யான்’ ஒரு பெண். கவிஞர் வேறு, கவிதைசொல்லி வேறு. இன்றைய கவிதைக்கும் இது பொருந்தும். ‘நான்’ என்று ஒரு கவிதை தொடங்கினால் உடனே அதைக் கவிஞரின் வாழ்க்கை வரலாறாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் படிப்பது நல்லது.

காதலைப் பாடும் அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. காதலை யாருக்கும் பொதுவானதாக வைக்கும் ஏற்பாடு அது. பெயர் வந்துவிட்டால் அது புறம் பக்கம் போய்விடும். போர், கொடை, அரசன், மரணம் எல்லாம் புறம்.

அகத்துக்குள் திணை ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே வாழும் மரம், பறவை, உணவு, தொழில் முதலானவை கருப்பொருள், மனநிலை உரிப்பொருள். குறிஞ்சிக்கு மலை, சேர்தல். முல்லைக்குக் காடு, காத்திருத்தல். மருதத்துக்கு வயல், ஊடல். நெய்தலுக்குக் கடற்கரை, இரங்கல். பாலைக்கு வறண்ட வழி, பிரிவு. இவற்றை மனப்பாடம் செய்வதைவிட உரிப்பொருளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது போதும், அதுதான் உயிர். நம் பாட்டில் தினை வருகிறது, சேர்ந்த நாளைப் பற்றிய பேச்சு வருகிறது. குறிஞ்சி என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

மூன்றாம் படி: ஒரு பென்சிலை எடுத்து ஒலியைக் குறியுங்கள்

ஒவ்வொரு சீரின் முதல் எழுத்தையும் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை. இறுதி எழுத்தோ அசையோ ஒத்துவந்தால் இயைபு. ஒரே குறளில் முதல் இரண்டையும் பார்த்துவிடலாம்:

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

முதல் அடியின் நான்கு சீரும் ‘க’வில் தொடங்குகின்றன. இது முற்று மோனை. ‘கற்க’, ‘நிற்க’ இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘ற்’. இது அடியெதுகை. எதுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘பட்டு’க்குக் ‘கட்டு’ எதுகை, ‘பாட்டு’ ஆகாது.

மோனையில் அதே எழுத்துதான் வர வேண்டும் என்றில்லை. இன எழுத்தும் வரலாம். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ இன்னோர் இனம். மெய்களில் ச, த இரண்டும் இனம், ஞ, ந இனம், ம, வ இனம். இது தெரிந்தால்தான் நம் பாட்டின் மூன்றாம் அடியில் இருக்கும் மோனை கண்ணில் படும். ‘தினைத்தாள்’, ‘சிறுபசுங்’. முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் தி, சி. ஒன்றாம் சீரும் மூன்றாம் சீரும் ஒத்து வந்தால் அதற்குப் பொழிப்பு என்று பெயர். ஒன்றும் இரண்டும் என்றால் இணை, ஒன்றும் நான்கும் என்றால் ஒரூஉ. ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி’யில் அ, ஆ ஒன்றிலும் நான்கிலும் இருக்கின்றன, ஒரூஉ மோனை. கூழை, மேற்கதுவாய், கீழ்க்கதுவாய் என்று இன்னும் இருக்கின்றன. அவை தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

பெயர் வைப்பதோடு நின்றுவிடாமல் அடுத்த கேள்வியையும் கேளுங்கள். இந்த ஒலி ஒப்புமை இங்கே என்ன செய்கிறது? நம் பாட்டின் இரண்டாம் அடியில் ‘தானது’, ‘யானெவன்’ இரண்டும் எதுகை. தான், யான். அவன், நான். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிற தவிப்பில் இருவரும் ஒரே ஒலிக்குள் கட்டப்பட்டுக் கிடக்கிறார்கள். ‘தானே’, ‘தானது’, ‘தான் மணந்த’ என்று ‘தான்’ மூன்று முறை வருகிறது. ‘யான்’ ஒரு முறைதான். அவள் பேச்சு முழுக்க அவனைச் சுற்றியே போகிறது. எதுகை மோனையைக் கண்டுபிடிப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டாவது கேள்வியில்தான் கவிதை இருக்கிறது.

எதிர்ச்சொற்களையும் அதே பென்சிலால் குறித்துவிடுங்கள். அடிதோறும் சொல்லோ பொருளோ மாறுபட்டு வந்தால் அதை முரண் தொடை என்பார்கள். நம் பாட்டு ‘யாரும் இல்லை’ என்று தொடங்கிக் ‘குருகும் உண்டு’ என்று முடிகிறது. இல்லை, உண்டு. நடுவில் இருக்கும் வரிகள் அந்த இரண்டுக்கும் இடையில் அவள் மனம் நடந்து போகும் தூரம்.

நான்காம் படி: எது எதைப்போல் இருக்கிறது?

அணிகள் நிறைய. தண்டியலங்காரம் பொருளணிகள் என்று 35 சொல்கிறது. பயந்துவிடாதீர்கள், உவமையைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி அணிகள் அதிலிருந்து தாமாகவே கிளை பிரியும்.

உவமையில் நான்கு பகுதி. எதைச் சொல்ல வருகிறோமோ அது பொருள். அதை எதோடு ஒப்பிடுகிறோமோ அது உவமை அல்லது உவமானம். இரண்டையும் இணைக்கும் போல, அன்ன, நிகர், ஒப்ப முதலானவை உவம உருபு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பொதுத்தன்மை.

அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை

தன்னைத் தோண்டுகிறவரையே நிலம் தாங்குகிறது. அதுபோல் தம்மை இகழ்கிறவரைப் பொறுப்பது தலைசிறந்தது. நான்கு பகுதியும் வெளிப்படையாக இருக்கின்றன.

இனி ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், அணியின் பெயர் மாறிக்கொண்டே வரும். உவம உருபை எடுத்துவிட்டு, உவமையையும் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எடுத்துக்காட்டு உவமை:

தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்
கற்றனைத் தூறும் அறிவு

தோண்டிய அளவுக்கு மணற்கேணியில் நீர் ஊறும், கற்ற அளவுக்கு மனிதர்க்கு அறிவு ஊறும். நடுவில் ‘அதுபோல’ இல்லை. அந்தச் சொல்லைப் போடுவது வாசகரின் வேலை.

இப்போது பொருளையும் எடுத்துவிடுங்கள். உவமை மட்டும் தனியாக நிற்கட்டும். அது பிறிது மொழிதல்:

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்

மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும். குறள் இவ்வளவுதான் சொல்கிறது. இது வண்டிப் போக்குவரத்தைப் பற்றிய அறிவுரை இல்லை என்பது எப்படித் தெரிகிறது? அதிகாரத் தலைப்பைப் பார்த்தால் தெரியும். இது ‘வலியறிதல்’ அதிகாரத்தில் இருக்கிறது. தன் பலத்தையும் எதிரியின் பலத்தையும் எடைபோடச் சொல்லும் இடம். எதிரிகள் ஒவ்வொருவரும் இறகுபோல் எளியவராக இருக்கலாம், கூட்டமாகச் சேர்ந்தால் அச்சு முறிந்துவிடும். சொல்லாமல் விட்ட பொருளைச் சூழலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

உருவகம் வேறு பாதையில் போகிறது. அது ‘போல’ என்று சொல்வதில்லை, ‘அதுதான் இது’ என்றே சொல்லிவிடுகிறது. சொற்றொடர்களில் இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. ‘மலரடி’ என்றால் மலர் போன்ற அடி, உவமை முன்னால் நிற்கிறது. ‘அடிமலர்’ என்றால் அடியாகிய மலர், பொருள் முன்னால் நிற்கிறது, ஆகவே உருவகம். ‘பிறவிப் பெருங்கடல்’ இந்த இரண்டாவது வகை. அந்தக் குறளை முழுதாகப் பாருங்கள்:

பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார்
இறைவன் அடிசேரா தார்

பிறவியைக் கடலாக்கியவர் இறைவன் அடியைத் தெப்பமாக்கவில்லை. அதை நாம் நிரப்பிக்கொள்கிறோம். தொடர்புடைய இரண்டில் ஒன்றை மட்டும் உருவகமாக்கி மற்றதை விட்டுவிட்டால் அதற்கு ஏகதேச உருவகம் என்று பெயர். ஏகதேசம் என்றால் ஒரு பகுதி.

இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்றம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. கொடி அசைவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இளங்கோவடிகள் அவை ‘வர வேண்டாம்’ என்று கை காட்டுவதுபோல் இருந்தன என்கிறார். முடிவு தெரிந்தவர்களுக்கு அந்தக் கையசைப்பு நெஞ்சை உலுக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகழ்வதுபோல் பழிப்பதும் பழிப்பதுபோல் புகழ்வதும் வஞ்சப்புகழ்ச்சி. ‘தேவர் அனையர் கயவர்’ என்று குறள் தொடங்கும்போது கயவருக்குப் பெருமைதான் என்று தோன்றும். ‘தாம் நினைத்தபடியெல்லாம் நடப்பதால்’ என்று காரணம் வந்ததும் சாயம் வெளுத்துவிடும். ஒரு தொடர் இரண்டு பொருள் தந்தால் சிலேடை, இதையே இரட்டுற மொழிதல் என்றும் சொல்வார்கள். காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்து ஒரு வெண்பா பாடியிருக்கிறார். ‘ஆடிக் குடத்தடையும்’ என்றால் பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகும், எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குள் போகும். ஒரே சொல் அதே பொருளில் திரும்பத் திரும்ப வந்தால் சொற்பொருள் பின்வருநிலை. ‘செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம்’ என்று தொடங்கும் குறளில் செல்வம் எத்தனை இடத்தில் வருகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சரி, குருகுக்குத் திரும்புவோம். ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால’. உருபு ‘அன்ன’. உவமைக்கு அடிப்படை நான்கு என்று தொல்காப்பியம் வகுக்கிறது: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒப்புமை, விளைவால் ஒப்புமை, வடிவத்தால் ஒப்புமை, நிறத்தால் ஒப்புமை. தினைத்தண்டும் குருகின் காலும் மெலிவில் ஒத்திருக்கின்றன, பசுமையிலும் ஒத்திருக்கின்றன. ஆக மெய்யும் உருவும் சேர்ந்து நிற்கின்றன. ஆனால் எனக்கு இந்த உவமையில் பிடித்தது வேறு. தன் வாழ்க்கையே தீர்மானமாகும் அந்த வேளையில் ஒரு பறவையின் காலை, அதன் நிறம் வரை அவள் பார்த்திருக்கிறாள். நாள் கடந்தும் அது மறக்கவில்லை. ஓர் உவமை பொருளை விளக்குவதோடு பேசுகிறவரின் மனநிலையையும் காட்டிக்கொடுக்கும். உவமையைப் பார்த்ததும், இந்த மனிதருக்கு இந்த நேரத்தில் ஏன் இந்தப் பொருள் நினைவுக்கு வந்தது என்று கேட்டுப் பழகுங்கள்.

ஐந்தாம் படி: சொல்லாமல் விட்டது என்ன?

சங்கக் கவிதையின் சிறப்பே இதில்தான் இருக்கிறது. கருப்பொருள்களை வைத்து, வெளிப்படையாகச் சொல்லாத இன்னொரு பொருளை உணர்த்துவதற்கு உள்ளுறை என்று பெயர். வயலில் எருமை தாமரையை மேய்கிறது என்று மருதப் பாட்டில் வந்தால், பெரும்பாலும் அது எருமையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. உள்ளுறையில் ‘போல’ கிடையாது, பொருளும் கிடையாது, காட்சி மட்டும்தான் உண்டு. அந்தக் காட்சிக்கு அப்பாலும் ஒரு குறிப்பு தோன்றினால் இறைச்சி என்பார்கள். இரண்டுக்கும் எல்லை எங்கே என்பதில் உரையாசிரியர்கள் நிறையவே வாதிட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

அந்தக் குருகு என்ன செய்துகொண்டிருந்தது? ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. சாட்சியாக இருந்த ஒரே உயிர், அதுவும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்திருந்தாலும் அது வாய் திறந்து சொல்லப்போவதில்லை. ‘யாரும் இல்லை’ என்று முதலில் சொன்னது இப்போது இன்னும் கனமாகிவிடுகிறது. இன்னொரு விதமாகவும் படிக்கலாம். அசையாமல் நின்று இரைக்காகக் காத்திருக்கும் அந்தப் பறவையில் அவனுடைய சாயலே தெரியவில்லையா? அவள் அதைச் சொல்லவில்லை. அவனைக் ‘கள்வன்’ என்று ஒரு முறை சொல்லிவிட்டு, பிறகு பறவையைப் பற்றித்தான் பேசுகிறாள். ‘குருகும்’ என்பதில் இருக்கும் அந்த ‘உம்’மையும் விட்டுவிடாதீர்கள். வேறு யாருமே இல்லை, சாட்சி என்று எண்ண வேண்டுமானால் ஒரு குருகும் இருந்தது, அவ்வளவுதான் என்கிற கசப்பு அந்த ஓர் இடைச்சொல்லில் இருக்கிறது.

இப்படிப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. எல்லாப் பறவைக்கும் எல்லா மீனுக்கும் ரகசியப் பொருள் தேடத் தொடங்கினால் கவிதை விடுகதையாகிவிடும். நீங்கள் சொல்லும் மறைபொருளுக்குப் பாட்டிலேயே ஒரு சொல்லாவது ஆதாரம் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: இப்போது யாப்பு

இந்த இடத்துக்கு வந்த பிறகு அசை பிரிப்பது அவ்வளவு சிரமமாக இருக்காது. அசை இரண்டே வகை. குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றோடும் வந்தால் நேர். இரண்டு குறில் சேர்ந்தோ, குறிலும் நெடிலும் சேர்ந்தோ, தனித்தும் ஒற்றோடும் வந்தால் நிரை. அசைகள் சேர்ந்து சீர். நேர் நேர் என்றால் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இந்த நான்கோடு கடைசியில் ஒரு நேர் சேர்ந்தால் தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய்.

முன்பு பார்த்த குறளைப் பிரிப்போம். கற்/க தேமா. கச/டறக் கருவிளம். கற்/பவை கூவிளம். கற்/றபின் கூவிளம். நிற்/க தேமா. அதற்/குத் புளிமா. கடைசியில் ‘தக’ ஒரே நிரையசை. குறளும் ஒரு வெண்பாதான். வெண்பாவின் இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்கும். ‘தக’ மலர். ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் இடம் தளை. வெண்பாவில் மாவுக்குப் பின் நிரை வர வேண்டும், விளத்துக்குப் பின்னும் காய்க்குப் பின்னும் நேர் வர வேண்டும். மேலே சரிபார்த்துக்கொள்ளுங்கள், எங்கேயும் பிசகாது.

பாக்கள் நான்கு. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை. குறுந்தொகை முழுக்க ஆசிரியப்பா. அதிலும் நேரிசை ஆசிரியப்பாவுக்கு ஓர் அடையாளம் உண்டு. கடைசிக்கு முந்திய அடியில் மூன்று சீர்தான் இருக்கும். மேலே போய்ப் பாருங்கள்: ‘ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்’. நான்கு நான்கு சீராக வந்த பேச்சு சரியாகக் குருகு மீனைப் பார்க்கும் இடத்தில் ஒரு சீர் குறைந்து நிற்கிறது. வாய்விட்டுப் படித்தால் அங்கே ஒரு நிறுத்தம் தானாக விழும். விதிதான் அது, எல்லா நேரிசை ஆசிரியப்பாவிலும் வரும். ஆனால் அந்த நிறுத்தத்தில் எதை வைப்பது என்பதைக் கபிலர்தான் தேர்ந்தெடுத்தார்.

ஏழாம் படி: புதுக்கவிதைக்கு என்ன செய்வது?

யாப்பு இல்லாத கவிதைக்கு ஆறாம் படி தேவைப்படாது. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய காலத்திலிருந்து புதுக்கவிதையோடு சேர்ந்து சில சொற்கள் புழங்கத் தொடங்கின. அவற்றில் நான்கைந்து தெரிந்தால் போதும். இந்தக் கட்டுரைக்காக நான் எழுதிய நாலு வரி:

பூட்டிய வீட்டுக்குள்
கடிகாரம் மட்டும்
யாருக்கோ
நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறது

புலன்களால் உணரும்படி ஒரு காட்சியை நிறுத்துவது படிமம். இங்கே அது பூட்டிய வீடும் உள்ளே ஓடும் கடிகாரமும். இதே கடிகாரம் தன்னைத் தாண்டி வேறொன்றுக்காக, காலத்துக்காகவோ நிற்காத நினைவுக்காகவோ நின்றால் அது குறியீடு. கேட்க ஆளில்லை, ஆனால் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்பது முரண். பழைய புராணப் பாத்திரத்தையோ கதையையோ இன்றைய சூழலில் புதிதாகப் பயன்படுத்தினால் தொன்மம். கேலியால் கண்டிப்பது அங்கதம். அங்கதம் புதுச்சொல் இல்லை, தொல்காப்பியத்திலேயே இருக்கிறது.

யாப்பு போன இடத்தில் ஓசையின் வேலையைச் செய்வது வரிமுறிப்பு. மேலே உள்ள நான்கையும் ஒரே வரியாக எழுதிப் பாருங்கள். செய்தியாகிவிடும். ‘யாருக்கோ’ தனி வரியில் நிற்பதால்தான் அங்கே ஒரு கணம் தயங்குகிறோம். புதுக்கவிதை படிக்கும்போது ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே ஒடிந்தது என்று கேளுங்கள். பதில் கிடைக்காத கவிதைகளும் நிறைய இருக்கின்றன. சும்மா என்டர் தட்டியவை அவை.

பயிற்சிக்கு ஒன்று

யான்நோக்குங் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால்
தான்நோக்கி மெல்ல நகும்

விடையைப் பார்ப்பதற்கு முன் மேலே சொன்ன வரிசையில் முயன்று பாருங்கள். சொல் பிரிப்பு: யான் நோக்கும்காலை நிலன் நோக்கும், நோக்காக்கால் தான் நோக்கி மெல்ல நகும். பேசுவது தலைவன், அவளைப் பற்றி. யான், தான் அடியெதுகை. ‘நோக்கு’ நான்கு முறை வருகிறது, அவற்றில் ஒன்று எதிர்மறை. நான் பார்த்தால் அவள் நிலத்தைப் பார்க்கிறாள், நான் பார்க்காவிட்டால் என்னைப் பார்க்கிறாள் என்பதில் முரண் இருக்கிறது. உவமை இருக்கிறதா என்று தேடினால் கிடைக்காது. உருவகமும் இல்லை. இரண்டு பேரின் கண் போகும் திசை மட்டும்தான் இருக்கிறது, கடைசியில் ஒரு சிரிப்பு. இறுதிச் சீர் ‘நகும்’, நிரையசை ஒன்றே நிற்பதால் மலர். ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. அவன் பார்க்காதபோதுதான் அவள் பார்த்துச் சிரிக்கிறாள் என்றால், அது அவனுக்கு எப்படித் தெரிந்தது?